நடுவில் ஓர் இலை

சீடருக்கு வயது ஐம்பத்திரண்டு. குருவுக்கு முப்பத்தெட்டு. சீடர் குருவை ‘மேடம்’ என்பார். குரு சீடரை ‘சார்’ என்பார். இருவருக்கும் அதில் ஒரு சங்கடமும் இல்லை.

சீடர் பூவலிங்கம் கல்லூரியில் பொருளாதாரம் நடத்துகிறவர். வேலை பார்த்துக்கொண்டே முனைவர் பட்டத்துக்குப் பதிந்திருந்தார். பாசனக் கண்மாய்கள் ஏன் கெட்டுப்போயின என்பது அவருடைய ஆராய்ச்சி. வழிகாட்டி, பேராசிரியர் ஜெசிந்தா.

முதல் இயல் மளமளவென்று முடிந்தது. இரண்டாவது இயலில்தான் வண்டி சேற்றில் இறங்கியது. தனக்கு முன்னால் எழுதியவர்கள் என்னென்ன சொல்லியிருக்கிறார்கள் என்று எடுத்துவைக்க வேண்டிய இயல் அது.

எழுதிக் கொண்டுபோனார். ஜெசிந்தா படித்துவிட்டுச் சொன்னார்:

“எல்லாரும் வரிசையா நிக்கிறாங்க சார்.”

ஆள் போதவில்லை போலிருக்கிறது என்று பூவலிங்கம் எடுத்துக்கொண்டார். பொறியாளர்கள் எழுதியதைப் படித்தார். வரலாற்றுக்காரர்களைப் படித்தார். மண் ஆராய்ச்சி, சட்டம், மீன் வளர்ப்பு, ஒன்றையும் விடவில்லை. ஒவ்வொரு பத்தியும் ‘இன்னார் கூறுகிறார்’ என்று தொடங்கி ‘என்று கூறுகிறார்’ என்று முடிந்தது. இயல் கனத்தது. மறுபடி கொண்டுபோனார்.

“இப்போ வரிசை தெருமுனை வரைக்கும் போயிடுச்சு,” என்றார் ஜெசிந்தா.

ஆய்வுக்குழுவில் ஒருவர் இன்னும் நேராகவே கேட்டுவிட்டார். “இத்தனை பேர் இருக்காங்க. நீங்க எங்கய்யா இருக்கீங்க?” பூவலிங்கம் தன் பக்கங்களைப் புரட்டிப் புரட்டித் தேடினார். கிடைக்கவில்லை.

அடுத்த கூட்டம்தான் கடைசி. அதிலும் இந்த இயல் தேறாவிட்டால் பதிவு ரத்து. முனைவர் பெயர்ப்பலகைக்கென்று வாசல் சுவரில் அவர் ஆசையாக ஆணி அடித்து வைத்திருந்தார். இப்போது அவர் மனைவி அதில் பால் பை மாட்டுகிறார்.

“என்ன குறைன்னு சொல்லிட்டா திருத்திடுவேன் மேடம்,” என்று கடைசியில் கெஞ்சிவிட்டார்.

ஜெசிந்தா அவர் கையிலிருந்த மஞ்சள் தடவிய பத்திரிகையைப் பார்த்தார். “இது யாருக்கு?”

“உங்களுக்குத்தான். தங்கச்சி பொண்ணு கல்யாணம். ஞாயித்துக்கிழமை, திருமங்கலத்துல. நான்தான் தாய்மாமன்.”

“வர்றேன். அங்க பேசுவோம்.”

கல்யாணத்துக்குச் சொன்னபடி ஜெசிந்தா வந்துவிட்டார். மணமக்களை வாழ்த்திய கையோடு சாப்பாட்டுக் கூடத்துக்குப் போய், ஓரமாக ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். அங்கே பந்தி விசாரிப்பு பூவலிங்கத்தினுடையது. யாரை எந்த இலையில் உட்கார வைப்பது என்பது அவர் பொறுப்பு. அந்தக் குடும்பத்தில் பல வருஷமாக அவர்தான் செய்கிறார். இன்னொருவரை நம்பி விடமாட்டார்கள்.

இந்தப் பக்கம் ஒருவரை எழுப்பினார். அந்தப் பக்கம் ஒருவரைக் கைபிடித்துக் கூட்டிவந்தார். மூச்சு வாங்க ஜெசிந்தா பக்கம் வந்து நின்றார்.

“அந்தப் பச்சைப் புடவை அம்மாவை ஏன் சார் தூக்கி ஓரத்துல வச்சீங்க?”

“அவங்க சொந்தமா ஒண்ணும் சொல்லமாட்டாங்க மேடம். பக்கத்து இலையில கேட்டதை அடுத்த கல்யாணத்துல சொல்வாங்க. கூப்பிடலைன்னா வருத்தம். அதனால ஓரம்.”

“அந்த நரைத்தாடிக்காரர்?”

“எங்க பெரிய மாமா. இங்க பாதிப் பேர் பேசறது அவர் பேசினதுதான். ஆனா அவர் சொன்னது ஒண்ணு, இவங்க சொல்றது ஒண்ணு. அவங்களை எல்லாம் அவருக்கு எதிர்வரிசையில வச்சிருக்கேன். அவர் காதுபட அளக்க மாட்டாங்க.”

“பெரிய ஆளா இருக்கீங்களே.”

“இதெல்லாம் ஒரு வேலையா மேடம்? எழுதத்தான் வரமாட்டேங்குது.”

அதற்குள் பூவலிங்கத்தின் முகம் மாறிவிட்டது. பந்தியின் நடுவே அவர் கணக்கு தவறியிருந்தது. தவசிப் பெரியப்பாவைப் பந்தியின் ஒரு தலையிலும், சோலைமலைச் சித்தப்பாவை மறு தலையிலும் வைத்திருந்தார். மாப்பிள்ளை வீட்டார் திமுதிமுவென்று இரண்டு தலையிலும் வந்து உட்கார்ந்ததில் இருவரும் நகர்ந்து நகர்ந்து, இடையில் ஒரே ஓர் இலை மிச்சம். அந்த இலை காலியாகக் கிடந்தது.

“கூடப்பிறந்த அண்ணன் தம்பி,” என்றார் பூவலிங்கம் பதற்றமாக. “பேச்சுவார்த்தை கிடையாது. தாத்தா சாகிறப்போ குலசாமி கும்பிடு மாசியில வைக்கச் சொன்னார்ங்கிறார் அவர். பங்குனியிலன்னார்ங்கிறார் இவர். எங்களுக்கு வருஷத்துக்கு ரெண்டு கும்பிடு. போன விசேஷத்துல பாதிச் சாப்பாட்டுல ரெண்டு பேரும் எந்திரிச்சுப் போனாங்க. இன்னைக்கும் போனா என் தங்கச்சி தாங்கமாட்டா.”

“நடுவுல யாரையாவது உட்கார வைங்க.”

“யார் உட்காருவா? தவசிப் பெரியப்பா பக்கம் உட்கார்ந்தா சித்தப்பாவுக்கு ஆகாது. சித்தப்பா பக்கம்னா பெரியப்பாவுக்கு ஆகாது. எல்லாரும் அந்த இலையைப் பாத்தாலே ஒதுங்கிப் போறாங்க.”

பரிமாறுகிறவர் உப்பு வாளியோடு அங்கே வந்து தயங்கி நின்றார். கூடமே பார்த்தது.

பந்தி விசாரிக்கிறவர் கடைசியில்தான் சாப்பிட வேண்டும். பூவலிங்கம் ஒரு விநாடி யோசித்தார். தோளில் கிடந்த துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, விறுவிறுவென்று போய் அந்த இலையில் உட்கார்ந்துவிட்டார்.

சோறு விழுந்தது. சாம்பார் விழுந்தது.

“டேய் பூவு, சாம்பார்ல புளி தூக்கல்னு அந்தாளுகிட்டச் சொல்லு,” என்றார் இடப்பக்கம் தவசி.

“நல்லாத்தான் இருக்குன்னு அவருகிட்டச் சொல்லு. மாசியில கும்பிடுற வாய்க்கு எல்லாம் புளிக்கும்,” என்றார் வலப்பக்கம் சோலைமலை.

“அப்பா சொன்னது மாசி!”

“பங்குனி! என் காதால கேட்டேன்னு சொல்லு!”

இருவரும் இலையை மூடக் கை வைத்துவிட்டார்கள். பூவலிங்கம் வாயில் சோற்றோடு, வேறு வழி தெரியாமல் கேட்டார்:

“பெரியப்பா, நீங்க அப்போ எங்க நின்னீங்க?”

“வாசல்ல. வைத்தியரைக் கூட்டிவரக் கிளம்பிட்டேன்ல.”

“சித்தப்பா, நீங்க?”

“நான்... தொழுவத்துல.”

“தாத்தா பக்கத்துல யாரு இருந்தா?”

அண்ணனும் தம்பியும் ஒருசேர எதிர்வரிசையைப் பார்த்தார்கள். அங்கே அவர்களுடைய அக்கா ராக்கம்மா சாம்பார் சோற்றை அப்பளத்தோடு பிசைந்துகொண்டிருந்தார்.

“அத்தை,” என்று கூப்பிட்டார் பூவலிங்கம். “தாத்தா கடைசியா என்ன சொன்னார்?”

“இத்தனை வருஷம் கழிச்சு இப்பத்தான் கேக்கத் தோணுச்சாக்கும்.” ராக்கம்மா விரலை நக்கிக்கொண்டார். “மோர் வேணும்னார்.”

“வேற?”

“வேற என்ன? குடுத்தேன். குடிச்சார். போயிட்டார்.”

தவசிப் பெரியப்பா பூவலிங்கத்தின் தலைக்கு மேலாக எட்டித் தம்பியைப் பார்த்தார்.

“ஏன்டா, அதுவா உனக்குப் பங்குனின்னு கேட்டுச்சு?”

“உனக்கு மட்டும் மாசின்னு கேட்டுச்சாக்கும்!”

முதலில் சிரித்தது யாரென்று பிறகு ஒரு சண்டை வந்தது. ஆனால் அந்தப் பந்தியில் யாரும் பாதியில் எழவில்லை. ரசம் வந்தது. மோர் வந்தபோது இருவரும் இரண்டாம் முறை வாங்கினார்கள்.

கை கழுவும் இடத்தில் ஜெசிந்தா நின்றிருந்தார். பூவலிங்கம் துண்டால் வாயைத் துடைத்தபடி வந்தார்.

“மன்னிக்கணும் மேடம். உங்களைக் கவனிக்கவே முடியல. குறை என்னன்னு சொல்றேன்னீங்களே?”

“சொல்றேன். உங்க இயல்ல முதல்ல வர்ற பொறியாளரும் கடைசியில வர்ற வரலாற்றுக்காரரும் பேசிக்குவாங்களா சார்?”

பூவலிங்கம் சிரித்துவிட்டார். “அவங்களா? ஜென்மத்துக்கும் ஆகாது. வண்டல் மேடிட்டுக் கண்மாய் செத்துச்சுங்கிறார் அவர். வண்டல் வருஷாவருஷம் வரத்தான் செய்யும், அள்ளுற வழக்கம் ஏன் நின்னுச்சுன்னு கேளுய்யாங்கிறார் இவர்.”

“அந்த மண் ஆராய்ச்சி அம்மா?”

“பொறியாளர் சொன்னதையே திருப்பிச் சொல்றவங்க. ஓரமா உட்கார...”

நிறுத்திவிட்டார். குழாய் திறந்தபடி ஓடிக்கொண்டிருந்தது. ஜெசிந்தா அதை மூடினார்.

பூவலிங்கம் மெதுவாகக் கேட்டார்:

“ஆனா மேடம், அந்தப் பொறியாளருக்கும் வரலாற்றுக்காரருக்கும் நடுவுல ஒரு இடம் காலியாவே கிடக்கு. நானும் எவ்வளவோ தேடிட்டேன். அங்க உட்கார வைக்க ஒருத்தர்கூட இல்லையே?”

அவர் வேட்டியில் ரசம் தெறித்திருந்ததை ஜெசிந்தா பார்த்தார்.

“இப்போ நீங்க எந்த இலையில சாப்பிட்டீங்க சார்?”