வெள்ளெலி கடித்த உப்புக்கட்டி

அந்தக் காலத்தில், எலியும் தவளையும் ஊர்க்கதை பேசித் திரிந்த நாளில், குடித்த தண்ணீர் எந்த உடம்பிலும் தங்காது. இந்தப் பக்கம் குடித்தால் அந்தப் பக்கம் தெளிவாக ஓடிவிடும். அதனால் தேரிக்காட்டுச் செம்மணலில் இருந்த எல்லா உயிர்களும் ஒரே சுனையைச் சுற்றியே கிடந்தன.

ஒவ்வொரு உடம்பிலும் இடுப்புக்கு மேலே, முதுகெலும்புக்கு இரண்டு பக்கமும் இரட்டைத் தம்பிகள் குடியிருந்தார்கள். சிறுநீரகங்கள் என்று நாம் சொல்வது அவர்களைத்தான். இரத்தத்தை வடிகட்டி அழுக்கை வெளியே தள்ளுவது அவர்கள் வேலை. சோம்பல் அறியாதவர்கள், சிக்கனமும் அறியாதவர்கள்.

ஒரு கோடையில் சுனை வற்றியது. எல்லோரும் ஆற்றுக்குக் கிளம்பினார்கள்.

"நீயும் வா செவத்தி, இங்கன கெடந்து சாகப் போறியா?" என்றது தவளை.

"கண்ணு தொறக்காத பிள்ளையள வச்சிக்கிட்டு எங்க வருவேன் அண்ணாச்சி?" என்றாள் வெள்ளெலி செவத்தி.

தவளை போய்விட்டது. மறுநாளே செவத்திக்குப் பால் வற்றியது. குஞ்சுகள் வெறும் காம்பைச் சப்பிச் சிணுங்கின. அவள் தன் உடம்புக்குள் இருந்த தம்பிகளை அதட்டினாள்.

"ஏலே தம்பியளா, அழுக்கத் தள்ளுங்க, வேண்டாங்கல. கூடவே நல்ல தண்ணியையும் ஏம்டே கொட்டுதிய?"

"எங்க வாய்க்கா நேராப் போவுது யக்கா. தண்ணிய மட்டும் திருப்பி இழுக்க எங்ககிட்ட என்ன இருக்கு?" என்றான் மூத்தவன்.

அப்போதுதான் அவள் பார்வை வளை மூலைக்குப் போனது. கடலோரத்தில் புல்விதை பொறுக்கும்போது தவறுதலாக ஒரு உப்புக்கட்டியையும் தூக்கி வந்திருந்தாள். இப்போது விதைகள் மொறுமொறுவென்று காய்ந்திருந்தன. உப்புக்கட்டி மட்டும் காற்றின் ஈரத்தில் நனைந்து மினுங்கியது.

"உப்பு தண்ணிய இழுக்குது, பாத்தியளா!"

"ஐயோ, இந்த வெயில்ல உப்பத் தின்னா தாகமே கொன்னுரும்!" என்று அலறினான் இளையவன்.

"இரத்தத்துல விடாதிய. ஒங்க அடி ஆழத்துல பொதைச்சு வைங்க. வாய்க்காலை அதுக்குள்ள எறக்கி, வளைச்சு மேல ஏத்துங்க."

சொன்னாளே தவிர, அவளுக்கும் பயம்தான். தம்பிகள் தவறினால் குஞ்சுகளுக்கு யாருமில்லை. அவற்றை ஒருமுறை நக்கிக் கொடுத்துவிட்டு உப்பைக் கடித்தாள். நாக்கு வெந்தது.

தம்பிகள் என்னமாய் உழைத்தார்கள்! உப்பை உள்ளாழத்தில் சேர்த்தார்கள். வாய்க்காலை நீளமாக இறக்கி வளைத்தார்கள். உப்புக்குப் பக்கத்தில் போகும்போது நல்ல தண்ணீர் கரை வழியே கசிந்து இரத்தத்துக்குத் திரும்பியது. அழுக்கு மட்டும் கெட்டியான மஞ்சள் சொட்டாக வெளியே விழுந்தது.

பொழுது சாயும் முன் பால் ஊறியது. குஞ்சுகளின் கடைவாயில் வெள்ளை வழிந்தது. செவத்தி விம்மினாள், கண்ணீரைக்கூடத் தம்பிகள் விடவில்லை.

மழை வந்து சுனை நிறைந்ததும் அவள் வயிறுமுட்டக் குடித்தாள்.

"இப்ப என்ன செய்ய யக்கா? இம்புட்டுத் தண்ணியையும் பிடிச்சு வைக்கவா?" என்று கேட்டார்கள் தம்பிகள்.

"தாகம்னா தலையிலிருந்து சொல்லியனுப்புவேன், பிடிச்சு வைங்க. சொல்லலன்னா போக விடுங்க."

திரும்பி வந்தவர்கள் அவளிடம் கேட்டுத் தங்கள் உடம்பிலும் வாய்க்காலை வளைத்தார்கள். மனிதன் பாதி ஆழத்தில் களைத்துவிட்டான். "எனக்குத்தான் சுனை இருக்கே" என்று தவளை தொடவே இல்லை. இன்றும் அது ஈரத்தைவிட்டு அகல முடியாமல் கிடக்கிறது.

அன்று முதல்தான், வெயிலில் அலைந்து வரும் நாளில் நமக்குச் சிறுநீர் மஞ்சளாகக் கொஞ்சமே இறங்குகிறது. ஒரு தாய் சொன்ன சொல்லைத் தம்பிகள் இன்னும் தட்டவில்லை.