நடந்து வந்த மலைக்காகம்

அந்தக் காலத்தில், காகமும் மனிதனும் ஒரே பேச்சைப் பேசித் திரிந்தபோது, ஆல்ப்ஸ் மலையில் ஆறே வீடுகள் கொண்ட ஓர் ஊர் இருந்தது. மாடு உண்டு, புல் உண்டு, பாலாடைக்கட்டி உண்டு. உப்பு மட்டும் கிடையாது.

தெற்கே ஏரிக்கரையிலிருந்து பத்திஸ்தா என்ற உப்புக்காரன் கணவாயைத் தாண்டி முதன்முறையாக அங்கே வந்தான். வீட்டில் நிறைமாத மனைவி. பனி விழுந்து கணவாய் அடைத்துக்கொண்டால் ஏழு மாதம் திறக்காது. உப்பைக் கொடுத்துவிட்டு மறுநாள் விடியலிலேயே திரும்பிவிட நினைத்தான்.

ஆனால் எல்லா வீட்டிலும் கை நனைக்காமல் விருந்தாளி ஊரைத் தாண்டக் கூடாது என்பது அந்த ஊர் வழக்கம். முதல் வீட்டில் கறுப்பு ரொட்டி, அடுத்ததில் வாற்கோதுமைக் கஞ்சி, அதற்கடுத்ததில் நெருப்பில் உருக்கிய பாலாடைக்கட்டி. ஐந்தாவது வீட்டை விட்டு வரும்போதே வெயில் ஏறிவிட்டது. ஆறாவது வீட்டு வாசலில் வெரேனா என்ற பெண் இடுப்பில் கை வைத்து நின்றாள்.

“ஐந்து வீட்டில் சாப்பிட்டீர்கள். என் வீடு மட்டும் இளைத்ததா?”

“வயிறு ஒன்றுதானே தாயே! அங்கே என் மனைவிக்கு நாள் நெருங்கிவிட்டது.”

“இதை முதலிலேயே சொல்வதற்கென்ன? வாயில் அவ்வளவு ரொட்டியா?” என்றவள், பாலாடைக்கட்டி உருக்கிய சட்டியின் அடியில் பொன்னிறமாய்ப் பிடித்திருந்த காந்தலைச் சுரண்டி, துணியில் சுற்றிக் கொடுத்தாள். “அவளுக்குக் கொடுங்கள்.”

அவன் அதை மடியில் வைத்துக்கொண்டு ஏறினான். பாதி வழியில் மேகம் இறங்கியது. தன் காலே தனக்குத் தெரியவில்லை. அப்போது பாறை மேலிருந்து ஒரு சிரிப்பு.

அந்நாளில் மலைக்காகத்துக்கு அலகும் கறுப்பு, காலும் கறுப்பு. இறக்கை இல்லாதவர்கள் மூச்சு வாங்குவதைப் பார்த்துச் சிரிப்பதே அதற்குப் பொழுதுபோக்கு.

“என்ன உப்புக்காரரே, மூட்டையை இறக்கிவிட்டு வயிற்றைச் சுமக்கிறீரா?”

“உனக்குக் குரலே எழும்பவில்லை, இதில் கேலி வேறு. நீ சாப்பிட்டாயா?”

காகத்தின் சிரிப்பு நின்றது. “மூன்று நாளாகக் காற்று. ஒரு புழுகூட இல்லை.”

பத்திஸ்தா மடியைத் தொட்டுப் பார்த்தான். காந்தல் இன்னும் இளஞ்சூடாக இருந்தது. மனைவியை நினைத்தான். பிறகு துணியைப் பிரித்து முழுவதையும் பாறையில் வைத்தான். காகம் கண்வரை அலகைப் புதைத்துத் தின்றது. அலகெல்லாம் மஞ்சளாய் ஒட்டிக்கொண்டது. பாறையில் தேய்த்தும் போகவில்லை.

“மேலே பறந்து கூப்பிடுகிறேன். குரலைப் பிடித்து வாரும்,” என்றது.

கூப்பிட்டது. குரல் பாறைகளில் மோதி நாலா பக்கமிருந்தும் வந்தது. பத்திஸ்தா ஓரடி வைத்தான். காலடிக் கல் நழுவிப் போனது. அது விழுந்த சத்தம் கேட்கவே இல்லை.

“நகராதீர்!” என்று அலறியபடி காகம் இறங்கியது. எந்தக் காகமும் மனிதனுக்கு முன்னால் தரையில் நடந்ததில்லை. இனத்தார் பார்த்தால் மானம் போய்விடும். ஒரு கணம் தயங்கியது. பிறகு இறக்கைகளை மடக்கிக்கொண்டது.

“என் பின்னால் வாரும்.”

பனிக்கட்டி கண்ணாடிச் சில்லாய்க் காகத்தின் காலைக் கிழித்தது. வெள்ளைத் தரையில் சின்னச் சின்னச் சிவப்புத் தடங்கள் விழுந்தன. அவன் அவற்றின் மேலேயே கால் வைத்து ஏறினான்.

“வலிக்கிறதா?”

“பேசாமல் வாரும். நடப்பது இவ்வளவு கஷ்டம் என்று எவனும் எனக்குச் சொல்லவில்லை.”

கணவாயில் மேகம் சட்டென்று கிழிந்தது. கீழே கரையில்லாத வெண்கடல் போல மேகம். அதைத் துளைத்துக்கொண்டு சிகரம் சிகரமாக, கண் போன தூரம்வரை, சாயங்கால வெயிலில் எரிந்துகொண்டு நின்றது மலை. பத்திஸ்தா தொப்பியைக் கழற்றினான். காகம் ரத்தக் காலோடு அசையாமல் நின்றது.

“தினமும் இதன் மேல் பறக்கிறேன்,” என்றது மெல்ல. “இது இவ்வளவு பெரியது என்று இன்றுதான் தெரிகிறது.”

அவன் இரவோடு இரவாக இறங்கி வீடு சேர்ந்தான். அன்றிரவே பனி கொட்டிக் கணவாய் அடைத்துக்கொண்டது. மூன்றாம் நாள் பெண் குழந்தை பிறந்தது.

அன்று முதல்தான் மலைக்காகத்துக்கு மஞ்சள் அலகும் சிவந்த காலும். இப்போதும் கணவாயில் யாராவது உட்கார்ந்து சாப்பாட்டைப் பிரித்தால், அது நேரே பறந்து வந்து பறிப்பதில்லை. கொஞ்சம் தள்ளி இறங்கி, மலையின் மேல் ஒவ்வோர் அடியாக வைத்து, நடந்தே வருகிறது.