தர்பாரில் தொடை தட்டியவர்

செம்பியூர் மகாராஜா வீரகஜராயருக்கு மல்யுத்தம் என்றால் உயிர். சண்டை போட அல்ல, திண்டில் சாய்ந்துகொண்டு பார்க்க. அதுவும் ஒரு வீரம்தான், யார் இல்லை என்றார்கள்?

அரண்மனை மல்லர்களுக்குக் குருவான வஸ்தாது ரங்கப்பன் இந்த ஆசைக்கு நன்றாக நெய் ஊற்றினான். "மகாராஜா, சபையில் எல்லோரும் தூணுக்குத் துணையாக நிற்கிறார்கள். மல்லர் நிலையில் நின்றால் அல்லவா இது வீர சபை!"

மகாராஜா புல்லரித்துப் போனார். உடனே உத்தரவு பிறந்தது. ஒரு கால் முன்னே, ஒரு கால் பின்னே. முழங்கால் மடங்க வேண்டும், முதுகு வளையக் கூடாது. இரண்டு கையும் முன்னால் நீள வேண்டும். கண் எதிரே இருப்பவர் மேல். சபை கலையும்வரை இப்படியே நிற்க வேண்டும். சபையில் யாராக இருந்தாலும் சரி, இரண்டு தடவை விழுந்தால் பதவி போய்விடும்.

குறி உண்மையில் அமைச்சர் அம்பலவாணர் மேல். அவருக்கு வயது எழுபது, அவருடைய முழங்கால்களுக்கு இன்னும் பத்து கூட. அவர் இடத்தில் தன் மைத்துனனை உட்கார வைக்க வஸ்தாது திட்டம் போட்டிருந்தான். இது மகாராஜாவைத் தவிர ஊருக்கே தெரியும்.

முதல் நாளே அமைச்சர் ஒரு தடவை விழுந்துவிட்டார். மறுநாள் கால் வெடவெடவென்று நடுங்கியது. பக்கத்தில் அதே கோலத்தில் நின்றவர் அரசவைப் புலவர் திருமலைக்கொழுந்து.

"முடியலையப்பா," என்று முனகினார் அமைச்சர். "முப்பது வருஷ உத்தியோகம். முட்டி வலியால் போகப்போகிறது."

"கொஞ்சம் தாங்குங்கள் ஐயா," என்று சொல்லிவிட்டுப் புலவர் குரலை உயர்த்தினார்.

"வஸ்தாதே, ஒரு சந்தேகம். மல்யுத்தக் கோதாவில் ஒருவன் இதே நிலையில் நின்று தொடை தட்டுகிறான். எதிரே இருப்பவன் எழுந்திருக்கவே இல்லை. அவனை என்ன சொல்வீர்கள்?"

வஸ்தாது மீசையை முறுக்கினான். "பயந்தாங்கொள்ளி என்போம்! அவன் தோற்றவன். தலையில் இருப்பதைக் கழற்றி எதிராளி காலடியில் வைக்க வேண்டும். அதுதான் கோதா வழக்கம்."

"பெரிய மனிதராக இருந்தால்?"

"கோதாவுக்குப் பெரியவர் சின்னவர் எல்லாம் கிடையாது!"

"ஆஹா, என்ன நியாயம்!" என்ற புலவர், படாரென்று தன் தொடையில் ஒரு தட்டு தட்டினார். சபை அதிர்ந்தது.

"கொசு," என்றார் பணிவாக.

அப்போதுதான் எல்லோருக்கும் உறைத்தது. நாற்பது பேர் மல்லர் நிலையில் நிற்கிறார்கள். நாற்பது பேர் கண்ணும் எதிரே இருக்கிற ஒரே ஆள் மேல். அந்த ஆளோ சிம்மாசனத்தில் சுகமாக உட்கார்ந்திருக்கிறார்.

மகாராஜாவின் கை தானாகக் கிரீடத்தைப் பிடித்துக்கொண்டது. "வஸ்தாதே, இதற்கு என்ன வழி?"

வஸ்தாது மீசையிலிருந்து கையை எடுத்தான்.

"கிரீடத்தை எதற்குக் கழற்ற வேண்டும் மகாராஜா?" என்றார் புலவர். "தாங்களும் எழுந்து நிலையில் நின்றால் போதும். சபை கலையும்வரைதானே!"

மகாராஜாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. எழுந்தார். ஒரு காலை முன்னே வைத்தார், முழங்காலை மடக்கினார், கைகளை நீட்டினார். ஒரு வெற்றிலை மடிக்கிற நேரம் தாக்குப் பிடித்தார். பிறகு தொப்பென்று உட்கார்ந்தார், சிம்மாசனத்தில் அல்ல, தரையில்.

வஸ்தாது தூக்கிவிட ஓடினான். புலவர் மட்டும் நிலை கலையாமல் ஆறுதல் சொன்னார்.

"கவலைப்படாதீர்கள் மகாராஜா. இது முதல் தடவைதான். இன்னொரு தடவை விழுந்தால்தான் பதவி போகும்."

தரையில் கிடந்த மகாராஜா தன் முழங்காலைத் தடவினார். அமைச்சரின் முழங்காலைப் பார்த்தார். அப்புறம் தொந்தி குலுங்க ஒரு சிரிப்பு வந்தது.

"உத்தரவு ரத்து!" என்றார். "நாற்பது ஆசனம் கொண்டுவாருங்கள். என்னைப் பிறகு தூக்கலாம், முதலில் அமைச்சரை உட்கார வையுங்கள்!"