ஒரு வீட்டில் இரண்டு பெருநாள்

கடலோர ஊர் ஒன்றில் பெண்கள் கூடித் தொழவும் ஓதவும் ஒரு தைக்கா இருந்தது. அங்கே ஓதிக் கொடுத்தவள் ருகையா. மார்க்கம் படித்துத் தேறியவள் என்பதால் எல்லோரும் அவளை ஆலிமா என்றே கூப்பிட்டார்கள். முப்பது வயதுகூட ஆகவில்லை. அவளிடம் ஓத வந்தவர்களில் பாதிப் பேர் பேரன் பேத்தி எடுத்தவர்கள்.

சுலைகா அவர்களில் ஒருத்தி. ஐம்பதைத் தாண்டிய பிறகு எழுத்துக் கூட்டி ஓதப் பழகியவள். ஓதும்போது அவள் மாணவி. கிதாபை மூடி வைத்தபிறகு அவள் ஆலிமாவுக்கு ராத்தா, அதாவது அக்கா.

அந்த ஊரில் வீடு பெண்மக்களுக்கு உரியது. கலியாணம் ஆனதும் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து இருப்பார். சுலைகாவும் தங்கை ஹலீமாவும் பெற்ற உம்மா விட்டுப்போன வீட்டில் ஆளுக்கொரு பக்கமாக இருந்தார்கள். சமையல்கட்டு மட்டும் இருவருக்கும் ஒன்று.

அந்த வருஷம் ரமலான் இருபத்தொன்பதாம் நோன்பன்று வானம் மூடிக் கிடந்தது. பிறை தெரிந்தால் நோன்பு முடிந்து மறுநாள் பெருநாள்; ஆனால் ஊரில் யார் கண்ணிலும் பிறை படவில்லை. நாளைக்கும் நோன்பு என்று பள்ளிவாசலில் அறிவித்தார்கள். ஆனால் வேறு ஏதோ நாட்டில் பிறை கண்ட செய்தி ஹலீமாவின் கணவன் நூஹுவுக்கு வந்துவிட்டது. உலகத்துக்கே ஒரு பிறைதான், அதனால் நாளைக்குப் பெருநாள் என்று அவனும் அவன் கூட்டாளிகளும் முடிவு செய்தார்கள். இதற்கு முன் அந்த வீட்டில் அப்படி நடந்ததில்லை.

சுலைகா அன்று தொழுகை முடிந்து எல்லோரும் போகும்வரை தைக்காவில் உட்கார்ந்திருந்தாள்.

"ஆலிமா, நாளைக்கு நோன்பா, பெருநாளா?"

"உங்களுக்கு என்ன ராத்தா?"

"எனக்கு நோன்பு."

"அப்ப நோன்பு."

"தங்கச்சிக்கு?"

"தங்கச்சி என்கிட்ட கேக்கலையே."

சுலைகா முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டாள். "பெருநாளன்னைக்கு நோன்பு பிடிக்கிறது ஹராம்னு அவ மாப்பிள்ளை சொல்றாரு. நோன்பன்னைக்கு அடுப்பு மூட்டித் திங்கிறது பாவம்னு என் மாப்பிள்ளை சொல்றாங்க. நாளைக்கு நான் சமையல்கட்டுப் பக்கமே போகக் கூடாதாம். நான் போனா, அவங்க தன்னோட உம்மா வீட்டுக்குப் போயிருவாங்களாம். போனா போனதுதானாம்."

"சொன்னா செய்வாங்களா?"

"செய்வாங்க. அவங்க கூடப் பிறந்த மூத்த மச்சான் ஒருத்தர் அப்படிப் போய் இன்னும் பெண் வீட்டுக்குத் திரும்பலை."

ஆலிமா தொழுகைப் பாயைச் சுருட்டினாள்.

"பெருநாளைக்கு வட்லாப்பம் அவிக்க ஹலீமாவுக்கு வருமா?"

"வராது. முட்டையும் பாலும் திரிஞ்சு போகும். உம்மா இருந்தப்ப உம்மா செஞ்சாங்க. அப்புறம் நான்."

"சரி. காலையில நான் வர்றேன்."

காலையில் நூஹு புதுச்சட்டை போட்டுக்கொண்டு கடற்கரைத் திடலுக்குப் போனான். அங்கே தொழ வந்தவர்கள் இரண்டு வரிசைகூட இல்லை. சுலைகாவின் கணவர் மீரான் லெப்பை தெருவில் அவனைப் பார்த்தும் பாராமல் பள்ளிவாசல் பக்கம் திரும்பிவிட்டார்.

ஆலிமா வந்தபோது சமையல்கட்டில் ஹலீமா தனியாக நின்றுகொண்டிருந்தாள். முட்டைகளை உடைத்து வைத்திருந்தாள். சீனி கரையவில்லை. அழுத முகம். ஆலிமா சலாம் சொல்லிவிட்டு, துருவியை எடுத்துப் போட்டு உட்கார்ந்து தேங்காய் துருவ ஆரம்பித்தாள்.

"ஆலிமா, உங்களுக்கு நோன்பாச்சே," என்றாள் ஹலீமா.

"ஆமா. அதனால ருசி பாக்குறது உன் வேலை."

சுலைகா சமையல்கட்டு நிலைப்படிக்கு வெளியே வந்து நின்றாள். உள்ளே வரவில்லை.

"ராத்தா, ஏலக்காய் எங்க இருக்கு?"

"மேல் தட்டுல. பச்சை மூடி போட்ட டப்பா."

"என் கை பூராத் தேங்காய். எடுத்துத் தாங்க."

சுலைகா வாசல் பக்கம் ஒருமுறை பார்த்தாள். பிறகு உள்ளே வந்து டப்பாவை எடுத்தாள். எடுத்தவள் சும்மா நிற்க முடியாமல் ஏலக்காயைத் தட்டினாள். தங்கை முட்டையை அடிக்கும் விதத்தைப் பார்த்துவிட்டு, "அப்படி இல்லைடி," என்று கிண்ணத்தை வாங்கிக்கொண்டாள். அதற்குப் பிறகு யாரும் நோன்பைப் பற்றியோ பெருநாளைப் பற்றியோ பேசவில்லை. பாலைப் பிழிந்தார்கள், வடிகட்டினார்கள், ஆவியில் ஏற்றினார்கள். ஹலீமா மட்டும் விரலால் தொட்டுப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் சீனி," என்றாள்.

மீரான் லெப்பை திரும்பி வந்தபோது வீடெல்லாம் வட்லாப்பம் மணத்தது. அவர் முற்றத்தில் நின்று கூப்பிட்டார்.

"சுலைகா."

சுலைகாவின் கையிலிருந்த கரண்டி நின்றது. சமையல்கட்டுத் திரைக்குப் பின்னாலிருந்து ஆலிமாதான் அவரை அண்ணன் முறை வைத்துப் பேசினாள்.

"காக்கா, ராத்தாவை உள்ள கூப்பிட்டது நான்."

அவர் திடுக்கிட்டார். "ஆலிமாவா. நீங்க இன்னைக்கு நோன்பு இல்லையா?"

"நோன்புதான்."

"அப்ப அவங்க பெருநாளை நீங்க ஒத்துக்கிறீங்களா?"

"என் நோன்பை நான் விடலை காக்கா."

"நான் கேட்டது அது இல்லையே."

ஆலிமா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். மீரான் லெப்பை நாற்காலியில் உட்கார்ந்தார். எழுந்து தம் பக்கத்துக்குப் போனார். துணிகளை எடுத்துப் பையில் வைக்கும் சத்தம் கேட்டது. சுலைகா சுவரில் சாய்ந்துகொண்டாள். ஹலீமா அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

அப்போது ஹலீமாவின் மகள் மிஸ்ரியா முற்றத்தைக் கடந்து ஓடினாள். ஆறு வயசு. புதுச்சட்டை, இரண்டு கையிலும் மருதாணி. ஒவ்வொரு பெருநாளும் மீரான் லெப்பைதான் பிள்ளைகளைக் கூப்பிட்டு மணிக்கட்டில் அத்தர் பூசிவிடுவார். அவள் அவர் முன்னால் போய்க் கையை நீட்டிக்கொண்டு நின்றாள்.

"பெரிய வாப்பா, அத்தர்."

அவர் பையை மூடினார். "நாளைக்குப் பூசுறேன்மா."

"நாளைக்கு எனக்குப் பெருநாள் முடிஞ்சிருமே."

பிள்ளை நகரவில்லை. நீட்டிய கை வலித்ததும் அதை மற்றக் கையால் தாங்கிக்கொண்டாள்.

வெகுநேரம் கழித்து மீரான் லெப்பை சமையல்கட்டுத் திரைக்கு முன்னால் வந்து நின்றார். குரல் இறங்கியிருந்தது.

"ஆலிமா, பிள்ளை அத்தர் கேக்குது. எனக்கு நோன்பு. நான் என்ன செய்ய?"

"நோன்பு உங்களுக்கு. கை பிள்ளையோடதுதானே காக்கா."

அவர் திரும்பிப் போனார். அலமாரி திறக்கும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் மிஸ்ரியா மணிக்கட்டை முகர்ந்துகொண்டே திரைக்குள் ஓடிவந்தாள். உம்மாவிடம் நீட்டினாள், பெரியம்மாவிடம் நீட்டினாள். கடைசியில் ஆலிமாவிடமும் நீட்டினாள்.

பையில் வைத்த துணிகளை மீரான் லெப்பை எப்போது திரும்ப எடுத்து வைத்தார் என்று யாருக்கும் தெரியாது. அன்று சாயங்காலம் அவர் நோன்பு திறந்தபோது, ஹலீமா கொடுத்தனுப்பிய வட்லாப்பத்தில் ஒரு துண்டு பேரீச்சம்பழத்துக்குப் பக்கத்தில் இருந்தது. பழத்தைத் தின்றார், தண்ணீர் குடித்தார். பிறகு அதையும் எடுத்துத் தின்றார்.

மறுநாள் ஊருக்குப் பெருநாள். விடியும் முன்பே ஹலீமா சமையல்கட்டில் இருந்தாள். இந்த முறை ராத்தாவை அவள் அடுப்புப் பக்கம் விடவில்லை. "நீங்க குளிச்சுட்டு வாங்க, தைக்காவுக்கு நேரமாச்சு," என்று விரட்டினாள்.

மதியம் சாப்பாடு விரித்தபோது நூஹு தன் பக்கத்து வாசலிலேயே நின்றான்.

"எனக்கு நேத்தே முடிஞ்சிருச்சு காக்கா."

"சோறு முடியலையே. வந்து உட்காரு," என்றார் மீரான் லெப்பை.

நூஹு வந்து உட்கார்ந்தான். முதலில் இருவரும் பிறையைப் பற்றித்தான் பேசினார்கள். குரல் ஏறியது. கறி வந்ததும் இறங்கியது. அடுத்த வருஷத்துக்கு என்ன செய்வது என்று முடிவு எதுவும் ஆகவில்லை.

சாப்பாடு முடிந்ததும் சுலைகா ஒரு தூக்கில் சோறும் கறியும், மேல் அடுக்கில் வட்லாப்பமும் வைத்து எடுத்துக்கொண்டு தைக்காவுக்குப் போனாள். ஆலிமா தங்கியிருந்தது அதன் பின்னாலிருந்த அறையில். இத்தனை நாள் ஓதியும் சுலைகா அந்த அறைக்குள் வந்ததில்லை. சுருட்டி வைத்த ஒரு பாய். கழுவிக் கவிழ்த்த ஒரு தட்டு, ஒரு தம்ளர். ஆலிமா புதுச்சேலை கட்டியிருந்தாள். மடிப்புக் கலையவில்லை.

"உங்க ஆளுங்க யாரும் வரலையா?"

"வர ஆள் இல்லை ராத்தா. வாப்பாவும் உம்மாவும் இப்ப இல்லை, மவுத்தாயிட்டாங்க. கூடப் பிறந்தது யாருமில்லை." சாதாரணமாகத்தான் சொன்னாள். "உட்காருங்க. வீட்டுல எல்லாம் நல்லா நடந்துச்சா?"

சுலைகா பாயை விரித்து உட்கார்ந்தாள். எல்லாவற்றையும் சொன்னாள். ஆலிமா நடுநடுவே சிரித்தாள். சொல்லி முடித்தபிறகும் சுலைகாவுக்கு மனசில் ஒன்று மிச்சமிருந்தது.

"இருந்தாலும் ஊரு சிரிக்குது ஆலிமா. ஒரு கூரைக்குக் கீழே ரெண்டு பெருநாளான்னு வழியில ரெண்டு பேர் கேட்டுட்டாங்க. வெட்கமா இருக்கு."

ஆலிமா தூக்கின் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு மெல்ல மூடினாள்.

"ஆள் இருக்கிற வீட்டுலதானே ராத்தா ரெண்டு பெருநாள் வரும்."

சுலைகா அவளைப் பார்த்தாள். பிறகு எழுந்து, கொண்டுவந்த தூக்கைத் திரும்பக் கையில் எடுத்துக்கொண்டாள். செருப்பை மாட்டிக்கொண்டு, ஆலிமாவும் தங்கள் வீட்டுக்குக் கிளம்பி வரட்டும் என்று வாசலில் நின்றாள்.