பெரிய வெள்ளியன்று எரிந்த அடுப்பு

அம்மாமாரே, ஐயாமாரே, மடியில் இருக்கும் பிள்ளைகளே, கேளுங்கள். தீப்பெட்டி என்ற ஒன்று நம் கரைக்கு வந்து சேராத காலத்தில், சிப்பித்துறை என்று ஓர் ஊர் இருந்தது. கிழக்கே கடல், மேற்கே உப்பளம், நடுவிலே மாதா கோயில். கோயிலுக்கு வயதான சாமியார் ஒருவர்.

அந்த ஊரில் ஒரு கட்டுப்பாடு இருந்தது. பெரிய வியாழன் மாலை கோயில் விளக்குகள் அணையும்போது, ஊரில் எல்லா அடுப்பும் அணைந்துவிட வேண்டும். பெரிய வெள்ளி முழுவதும் ஒரு கூரையிலும் புகை எழக்கூடாது. சனிக்கிழமை காலையில் சாமியார் கோயில் வாசலில் கல்லைத் தட்டி, புது நெருப்பு எடுத்து மந்திரிப்பார். அந்த நெருப்பை ஒரு பெண் விளக்கில் ஏந்தி வீடு வீடாகக் கொண்டுபோய் அடுப்புகளை ஏற்றுவாள். தவக்காலத்தின் ஒழுங்குகளை எவள் வழுவாமல் காத்தாளோ, அவளுக்குத்தான் அந்த விளக்கு.

பல வருஷமாக அந்த விளக்கு கித்தேரியம்மாள் கையில்தான் இருந்தது. அவள் தோணித் தலைவன் தொம்மைத் தண்டலின் மனைவி. தவக்காலத்தில் ஒருவேளைச் சோறு, வெள்ளிக்கிழமை வெறும் தண்ணீர், விடியுமுன் பூசை. அவள் விளக்கோடு வாசலில் வந்து நிற்கும்போது பெண்கள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்து நிற்பார்கள். அந்த ஒரு நாளுக்காகவே அவள் மற்ற நாளெல்லாம் வாழ்ந்தாள் என்றுகூடச் சொல்லலாம்.

ஒரு வருஷம், பாஸ்காத் திருநாள் கழிந்த பிறகு, அருளாயி வந்தாள். பனங்காட்டுப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த விதவை. உப்பளத்துப் பாதையோரம் ஒரு குடிசை போட்டுக்கொண்டு கருப்பட்டி விற்றாள். செபத்தைப் பாதியில் மறந்துவிட்டு, பக்கத்தில் நிற்பவர்களின் வாயைப் பார்த்துச் சொல்லுவாள். ஆனாலும் ஊருக்கு அவளைப் பிடித்துப்போனது. யாருக்கு முடியாமல் போனாலும் முதலில் போய் நிற்பவள் அவள். கிணற்றடியில் அவளைப் பற்றிப் பேச்சு, கரையில் அவளைப் பற்றிப் பேச்சு. கடைசியில் கித்தேரியின் புருஷனே சொன்னான்:

"இந்த வருஷம் விளக்கை அருளாயிக்குக் கொடுக்கலாம்னு பேசிக்கிறாங்க."

கித்தேரி மீனை அலசிக்கொண்டிருந்தாள். அலசிய மீனையே திரும்பத் திரும்ப அலசினாள். வயிறு எரிந்தது. ஒரு நாள்கூட ஒழுங்காக நோன்பு பிடிக்காதவளுக்கா என் விளக்கு?

அன்றுமுதல் அவள் கண் அருளாயியின் பின்னாலேயே போனது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசைமணி அடிக்கும்போது அருளாயி கோயிலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கஞ்சிப் பானையோடு நடந்தாள். கண் தெரியாத வலைக்காரர் ஒருவருக்குக் காய்ச்சல். கித்தேரி அன்றே சாமியாரிடம் போனாள்.

"சாமி, அருளாயி பூசைக்கு வரல."

"பாத்தேன்," என்றார் சாமியார். அவ்வளவுதான்.

ஒரு வெள்ளிக்கிழமை, கறி தொடக்கூடாத தவக்காலத்தில், அருளாயி வீட்டில் கோழி கொதிக்கிற வாசம் வந்தது. பிள்ளை பெற்ற பெண்ணுக்கு ரசம் வைத்தாள். கித்தேரி மறுபடியும் போனாள்.

"சாமி, அருளாயி வெள்ளிக்கிழமை கோழி அடிச்சா."

"விசாரிக்கிறேன்," என்றார் சாமியார். விசாரித்ததாகத் தெரியவில்லை.

கித்தேரிக்குத் தூக்கம் போனது. அருளாயி சிரித்தால் எரிச்சல், சிரிக்காவிட்டால் சந்தேகம். செபமாலை உருட்டும்போதும் விரல் மணியில் இருக்கும், மனசு உப்பளத்துப் பாதையில் நிற்கும். ஆண்டவரே, அவள் ஏதாவது பெரிய தப்பாகச் செய்யட்டும் என்று மாதா சுரூபத்துக்கு முன்னாலேயே அவள் வேண்டிக்கொண்டாள் பாருங்கள்.

பெரிய வெள்ளியும் வந்தது. அந்த வருஷம் பருவம் தப்பி, வியாழன் மாலையிலிருந்தே மழை கொட்டியது. உப்பளம் முழுக்க வெள்ளம். அங்கிருந்த குடிசைகள் சரிந்தன. வெள்ளி காலையில் உப்பளத்துக் கூலிக்காரி ஒருத்தி, நனைந்த சேலைக்குள் கைக்குழந்தையோடு, ஊருக்குள் வந்தாள். பெயர் முத்தாச்சி. நம் வேதத்தைச் சேர்ந்தவள் இல்லை.

அவள் முதல் கதவைத் தட்டினாள். "பிள்ளை வெறைக்குது. கொஞ்சம் அனல் கிடைக்குமா?" என்றாள். "இன்னைக்கு அடுப்பு எரிக்க மாட்டோம்," என்றார்கள். இரண்டாவது கதவைத் தட்டினாள். அதே பதில். மூன்றாவது கதவு கித்தேரியின் கதவு. குழந்தை அழுதுகொண்டிருந்தது.

"பெரிய வெள்ளி தெரியாதா உனக்கு?" என்றாள் கித்தேரி. "நாளைக்கு வா."

கதவைச் சாத்திவிட்டுச் செபத்துக்குப் போனாள்.

மழை நின்ற பிறகு வெளியே வந்து பார்த்தால், உப்பளத்துப் பாதையில் ஒரு கூரைக்கு மேலே புகை. நீல நிறத்தில், மெலிசாக. அருளாயியின் கூரை.

கித்தேரிக்கு வந்த சந்தோஷத்தை நான் என்ன சொல்ல? அவள் ஓடினாள். கோயில் முற்றத்தில் நின்ற சாமியாரிடமும் ஆண்களிடமும், "அருளாயி வீட்டில அடுப்பு எரியுது. நீங்களே வந்து உங்க கண்ணால பாருங்க," என்று சொன்னாள். சாமியார் கைத்தடியை எடுத்தார். அவர் நடை மெதுவான நடை. கித்தேரிக்குப் பொறுமை இல்லை. முந்திக்கொண்டு போனாள்.

உள்ளே முத்தாச்சி பாயில் நினைவில்லாமல் கிடந்தாள். அருளாயி அடுப்பருகே குத்துக்காலிட்டு, குழந்தையைத் துணியில் சுற்றி அனலில் காட்டிக்கொண்டிருந்தாள். குழந்தையின் உதடு நாவற்பழ நிறத்தில் இருந்தது.

"வந்தீங்களாக்கா, நல்லதாப் போச்சு," என்றாள் அருளாயி. "விறகு எல்லாம் நனைஞ்சு கிடக்கு. காலையில இருந்து கல்லத் தட்டித் தட்டி இப்பத்தான் பத்துச்சு. பிள்ளையப் பிடிங்க. நான் காஞ்ச ஓலை ஏதாச்சும் கிடைக்குதா பாத்துட்டு வாறேன். அணைய விட்டுறாதீங்க."

கித்தேரி வாயைத் திறக்குமுன் குழந்தை அவள் கையில் இருந்தது. அருளாயி சேற்றில் ஓடிக்கொண்டிருந்தாள்.

அடுப்பில் இரண்டு சுள்ளிகள் புகைந்தன. ஒன்று அணைந்தது. கித்தேரி பார்த்துக்கொண்டே நின்றாள். சும்மா நின்றால் போதும். அவள் எதையும் அணைக்கவில்லை, எதையும் மூட்டவில்லை. சாமியார் வரும்போது அருளாயியின் குற்றத்துக்குச் சாம்பல் சாட்சி சொல்லும். விளக்கு அவளுக்கே வரும்.

குழந்தை அழவில்லை. அதுதான் அவளுக்கு முதலில் உறைத்தது. காலையில் அவள் கதவடியில் அழுத குழந்தை, இப்போது அழவில்லை. அதன் பாதத்தைத் தொட்டாள். ஐயோ, வலையில் வந்த மீனைத் தொட்டதுபோல இருந்தது.

இரண்டாவது சுள்ளியும் கறுத்தது.

கித்தேரி சட்டென்று உட்கார்ந்தாள். குழந்தையைத் தன் சேலைக்குள் மார்போடு சேர்த்து வைத்துக்கொண்டாள். ஊதுகுழலை எடுத்து ஊதினாள். புகைதான் வந்தது. எரிய ஏதாவது வேண்டும். சுற்றிப் பார்த்தாள். எல்லாம் ஈரம். கூரை இறவாணத்தில் மட்டும், அருளாயி தன் ஊரிலிருந்து கொண்டுவந்த போன வருஷத்துக் குருத்தோலை சொருகியிருந்தது. சாம்பல் புதனுக்கு எரிக்கக் கோயிலில் கொடுத்திருக்க வேண்டிய ஓலை. கொடுக்க மறந்திருக்கிறாள் அருளாயி. மந்திரித்த ஓலை, எலும்புபோலக் காய்ந்திருந்தது.

கித்தேரியின் கை ஒரு கணம் நின்றது. பிறகு உருவி எடுத்தது. ஓலை குப்பென்று பற்றியது. அவள் மூச்சு வாங்க வாங்க ஊதினாள். சுள்ளி பிடித்தது. குழந்தை முதலில் ஒரு முனகல் முனகியது, பிறகு வீறிட்டு அழுதது. அந்த அழுகையைக் கேட்டு அவளும் அழுதாள்.

வாசலில் நிழல் விழுந்தது. சாமியார் நின்றார். பின்னால் ஊர் ஆண்கள், அவர்களோடு அவள் புருஷன். அருளாயி இன்னும் திரும்பவில்லை. கித்தேரியின் முகமெல்லாம் கரி.

"இந்த அடுப்பை மூட்டினது யார்?" என்றார் சாமியார்.

'அருளாயி' என்ற ஒரு சொல் போதும். அது நிஜமும்கூட. அவள் நாக்கு நுனியில் அந்தச் சொல் வந்து நின்றது.

"மூட்டினது அருளாயி, சாமி," என்றாள் கித்தேரி. "அணையாம வச்சிருக்கிறது நான். குருத்தோலையை எரிச்சதும் நான்தான். காலையில இவ என் வாசலுக்கு வந்தா. பெரிய வெள்ளின்னு சொல்லி நான்தான் விரட்டினேன்."

சாமியார் தடியைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கஷ்டப்பட்டுத் தரையில் உட்கார்ந்தார். ஆண்களைத் திரும்பிப் பார்த்தார்.

"யார் வீட்டில காஞ்ச விறகு இருக்கு?"

தொம்மைத் தண்டல் ஓடினான். பாஸ்காவுக்கென்று கித்தேரி கட்டி வைத்திருந்த விறகுக்கட்டைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான்.

சனிக்கிழமை காலையில் கோயில் வாசலில் புது நெருப்பு எழுந்தது. சாமியார் விளக்கை ஏற்றி, "அருளாயி," என்று கூப்பிட்டார். அந்தப் பெயரைக் கேட்டதும், உண்மையைச் சொல்கிறேன், கித்தேரியின் வயிறு பழையபடி எரியத்தான் செய்தது. ஆனால் அருளாயி அங்கே இல்லை. முத்தாச்சிக்குக் காய்ச்சல் இறங்கவில்லை என்று அவள் பூசைக்கே வரவில்லை.

"அப்ப நீயே எடுத்துக்கிட்டுப் போ," என்று சாமியார் விளக்கைக் கித்தேரியிடம் நீட்டினார்.

கித்தேரி வாங்கிக்கொண்டாள். அவள் எப்போதும் கோயிலடி வீட்டிலிருந்து தொடங்குவாள். அன்றைக்கு எல்லா வாசல்களையும் தாண்டி உப்பளத்துப் பாதைக்குப் போனாள்.

அருளாயி கண்ணைக் கசக்கிக்கொண்டு விளக்கைப் பார்த்தாள். "எனக்கு எதுக்குக்கா இது? எங்கிட்டதான் நெருப்பு இருக்கே."

"வீடு வீடாக் கொண்டுபோற விளக்கு. இந்த வருஷம் உனக்குன்னு சாமி சொன்னாரு."

"அப்படி ஒண்ணு இருக்கா?" என்றாள் அருளாயி. "எனக்குத் தெரியவே தெரியாதே."

கித்தேரி அவளையே பார்த்தாள். இத்தனை நாளும் தான் யாரோடு மல்லுக்கட்டினோம் என்று நினைத்தாள். விளக்கை அவள் கையில் வைத்தாள்.

"போ. சனங்க காத்திருக்காங்க. பிள்ளைய நான் பாத்துக்கிறேன்."

அருளாயி போனாள். தெருவிலிருந்து பெண்கள் அவளை வாழ்த்துகிற சத்தம் குடிசைவரை கேட்டது. கித்தேரிக்குக் கொஞ்சம் வலித்தது. அந்த நேரத்தில் முத்தாச்சி தண்ணீர் கேட்டாள். கித்தேரி எழுந்து, அடுப்பில் விறகைத் தள்ளி, வெந்நீர் வைத்தாள்.

ஆகையால், கேட்டவர்களே, உயிரைக் காக்க நோன்பை முறிப்பதும் ஆண்டவருக்குச் செய்கிற ஆராதனைதான். பிறனைப் பார்த்துப் பொறாமைப்பட்டுக்கொண்டு பிடிக்கிற நோன்பு வெறும் பட்டினிதான்.