தொட்டி எங்கயும் ஓடாது

"எந்த விளையாட்டுக்கும்மா திறமை ரொம்ப வேணும்?"

செருப்பைக் கழட்டுறதுக்கு முன்னாடியே கேட்டுட்டாரு பரஞ்சோதி.

மலையடிவாரத்து மடம் அது. குரு பேரு செவ்வந்தியம்மா. பரஞ்சோதியை விட வயசு கம்மி. அதனால அவங்க இவரை அண்ணேம்பாங்க. குருங்கிறதால இவர் அவங்களை அம்மாம்பாரு. என்ன முறைன்னு மடத்துல யாரும் கணக்குப் போடுறதில்ல.

"உக்காருங்க அண்ணே. கால்ல என்ன கட்டு?"

"முட்டிம்மா."

அந்த முட்டிதான் விஷயமே.

பரஞ்சோதி ஷட்டில் ஆடினாரு, கோப்பை வாங்கினாரு. வாலிபால்தான் கஷ்டம்னு யாரோ சொன்னாங்க. அங்க போனாரு, அங்கயும் கோப்பை. அதைவிட நீளம் தாண்டுறது கஷ்டம்னாங்க. தாண்டினாரு. வீட்டுல கோப்பை வைக்க இடமில்லாம அவர் சம்சாரம் ஒண்ணுல உப்புப் போட்டு வச்சிருக்காங்க.

இப்ப டாக்டர் சொல்லிட்டாரு. இந்த முட்டி இன்னும் ஒரே ஒரு விளையாட்டுக்குத்தான் தாங்கும், எதுன்னு யோசிச்சு எடுத்துக்கங்கன்னு.

தப்பா எடுத்துட்டா அவ்வளவுதான்.

ஊரெல்லாம் கேட்டுட்டுத்தான் வந்திருக்காரு. கேரம் ஆடுறவர் ஆள்காட்டி விரலைத் தூக்கிக் காட்டி, எல்லாம் இதுல இருக்குன்னாராம். குஸ்தி வாத்தியார் கழுத்தைத் திருப்ப முடியாம, மொத்த உடம்போட திரும்பி, எல்லாம் கழுத்துலன்னாராம். செஸ் ஆடுறவர் ரொம்ப நேரம் கூரையைப் பாத்தாராம். அப்புறம், இப்ப நீங்கதான் காய் நகத்தணும்னாராம்.

குரு எந்திரிச்சு உள்ள போனாங்க. ரெண்டு பழைய சைக்கிளை உருட்டிக்கிட்டு வந்தாங்க.

"இங்கேருந்து அந்தத் தண்ணித் தொட்டி வரைக்கும். கால் தரையில படக்கூடாது. யாரு கடைசியா வந்து சேர்றாங்களோ அவங்க ஜெயிச்சாங்க. நீங்க ஜெயிச்சா பதில் சொல்றேன்."

"ஸ்லோ சைக்கிளாம்மா? பள்ளிக்கூட ஆண்டு விழாவுல வைப்பாங்களே, அதுவா?"

"அதேதான்."

பரஞ்சோதி சிரிச்சுக்கிட்டே ஏறினாரு. இந்தப் பக்கம் சாஞ்சாரு. அந்தப் பக்கம் சாஞ்சாரு. விழுந்துடக்கூடாதுன்னு ஒரே ஒரு மிதி மிதிச்சாரு.

தொட்டி வந்துருச்சு.

குரு பாதி தூரம்கூட வரல. அவங்க வந்து இறங்கறதுக்குள்ள இவர் தொட்டித் தண்ணியில முகம் கழுவி, துடைச்சு, தலையும் சீவிட்டாரு.

"அப்ப இதுதானாம்மா பதில்? ஸ்லோ சைக்கிளா?"

"நான் இன்னும் சொல்லவே ஆரம்பிக்கல அண்ணே. நீங்க போய்ச் சேந்துட்டீங்க."

மறுநாளும் அவர்தான் முதல்ல. அதுக்கு மறுநாளும். ஆயுசுல முதல்ல வந்து தோத்தது இங்கதான். மடத்துச் சமையல்காரர் தினமும் அடுப்படியிலேருந்தே, இன்னைக்கும் கோப்பை உங்களுக்குத்தானான்னு விசாரிப்பாரு.

ஒரு நாள் பொறுக்க முடியல.

"இதுலயே முட்டி போயிருச்சுன்னா, அப்புறம் பதில் தெரிஞ்சு என்னம்மா பண்றது?"

குரு பதிலுக்கு வேற கேட்டாங்க.

"ஓட்டும்போது எதைப் பாக்குறீங்க?"

"தொட்டியை."

"அது எங்கயும் ஓடாது அண்ணே."

அதுக்கப்புறம் அவர் தொட்டியைப் பாக்கல. முன் சக்கரத்தைப் பாத்தாரு, விழுந்தாரு. வானத்தைப் பாத்தாரு, நல்லா விழுந்தாரு. கண்ணை மூடிப் பாத்தாரு, குருவையே இடிச்சாரு.

மழைக்காலம் வந்து போச்சு.

எந்த விளையாட்டுன்னு முடிவாச்சான்னு கேட்டு சம்சாரம் ஆள் அனுப்பினாங்க. வந்த ஆளை, இருப்பா வந்துடுறேன்னு உக்கார வச்சுட்டு சைக்கிள் எடுக்கப் போனவர்தான். அந்த ஆள் மடத்துலயே சாப்பிட்டுட்டுத் திரும்பிப் போனான்.

அப்புறம் ஒரு காலையில, ரெண்டு சைக்கிளும் பக்கத்துல பக்கத்துல. நகருதா நிக்குதான்னே தெரியல. ஹேண்டில் மட்டும் இப்படி ஒரு இழை, அப்படி ஒரு இழை. என்னான்னு பாக்க கரண்டியோட வெளிய வந்த சமையல்காரர் அப்படியே நின்னுட்டாரு. உள்ள பருப்பு அடிப்பிடிக்குற வாசனை வந்துச்சு. அவர் போகல.

குரு மெதுவாக் கேட்டாங்க.

"அண்ணே, அன்னைக்கு ஒரு கேள்வி கேட்டீங்களே. இப்ப பதில் சொல்லிரட்டுமா?"

"பேசாம வாங்கம்மா. விழுந்துருவேன்."

குருவுக்குச் சிரிப்பு வந்துருச்சு. கால் தரையில பட்டுருச்சு.

ஜெயிச்சாச்சு, இறங்குங்க ஐயான்னு சமையல்காரர் கரண்டியால சுவத்துல தட்டினாரு.

பரஞ்சோதி இறங்கல.

தொட்டிக்கு இன்னும் தூரம் இருந்துச்சு.