அடியிலை முதலில் குடித்த தண்ணீர்

செடிகொடிகள் வாய்விட்டுப் பேசிய அந்தக் காலத்தில், கடலுக்குத் தூக்கத்தில் நடக்கும் பழக்கம் இருந்தது. ஒரு விடியலில் அது நடந்து நடந்து ஒரு கோதுமை வயல்வரை வந்துவிட்டது. விழிப்பு வந்ததும் வெட்கப்பட்டுத் திரும்பி ஓடியது. போகிற அவசரத்தில் உப்பை மண்ணிலேயே விட்டுவிட்டது.

அந்த வயலின் ஓரத்தில் ஒரு கோதுமைச் செடி. அதன் இலைகள் எல்லாரும் அக்கா தங்கைகள். மூத்தவள் அடியிலை. தரையை ஒட்டியே இருப்பாள். நத்தை போன தடமும், எறும்புகள் நின்று பேசிக்கொள்வதும் அவளுக்குத்தான் தெரியும். உச்சியில் இருந்த கடைக்குட்டி கண்ணாடியிலை. அவள் மடிக்குள், இன்னும் வெளிச்சம் பார்க்காத கதிர் உறங்கிக்கொண்டிருந்தது.

அந்த வீட்டில் ஒரு வழக்கம். வேர் கொண்டுவரும் தண்ணீரை யாரும் தொடாமல் உச்சிக்கு அனுப்பிவிட வேண்டும். மிஞ்சியதை மூத்தவள் கடைசியாகக் குடிப்பாள்.

கடல் வந்துபோன பிறகு கண்ணாடியிலை முனகத் தொடங்கினாள்.

"அக்கா, தண்ணி கரிக்குது. கதிரு அசையவே மாட்டேங்குது."

அடியிலை குனிந்து வேரைக் கேட்டாள். "மேலே என்னத்த அனுப்புறே?"

"என்னை ஏன் அதட்டுறே?" என்றது வேர். "வாசல்ல நின்னு உப்பை விரட்டிக்கிட்டேதான் இருக்கேன். ஒண்ணு ரெண்டு தண்ணியோட கையைப் பிடிச்சுக்கிட்டு நுழைஞ்சிடுது. தண்ணியே வேண்டாம்னா சொல்லு, கதவை அடைச்சிடறேன்."

தண்ணீர் நின்றால் கதிர் காய்ந்துவிடும். வந்தால் உப்பு அதைத் தின்றுவிடும். அடியிலை பனியில் நனைந்தபடி தண்டில் காதை வைத்தாள்.

தண்டுக்குள் தண்ணீர் ஏறும் சலசலப்பு கேட்டது. அவள் கை நீட்டி அதை நிறுத்தி, முதல் ஆளாகக் குடித்தாள்.

"பாருடி கடைக்குட்டி, மூத்தவளுக்கு இப்பத்தான் நாக்கு நீளுது!" என்று இருவருக்கும் இடையில் இருந்த நடு இலை கத்தினாள். "சூல் கட்டினவளுக்கு முன்னாடி குடிக்கிறாளே, வெக்கமா இல்ல?"

அடியிலைக்கு வெட்கமாகத்தான் இருந்தது. பதில் சொல்ல வாய் திறந்தால் உப்பு நழுவிவிடும். அது அவளுக்குள் திமிறிக்கொண்டிருந்தது.

"விடுக்கா! உச்சிக்குப் போனாத்தான் கடல் எந்தப் பக்கம்னு தெரியும். நான் வீட்டுக்குப் போகணும்."

அது ஒரு குழந்தை என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது.

"உச்சியிலேர்ந்து பார்த்தா வயல்தான் தெரியும், கண்ணு," என்றாள் மனசுக்குள். "என் பின்கட்டுல இடம் இருக்கு, அங்கே இரு. நான் விழும்போது உன்னையும் கூட்டிக்கிட்டு விழறேன். மழை உன்னைக் கடல்ல சேர்த்துடும்."

"நீ எப்ப விழுவே?"

"நீதான் வந்துட்டியே. சீக்கிரம்தான்."

உப்பு பின்கட்டில் போய்ச் சுருண்டு படுத்தது. அடுத்து வந்ததற்கும் அவள் இடம் கொடுத்தாள், அதற்கடுத்து வந்ததற்கும். அவள் நுனி மஞ்சளாகியது; பிறகு ஓரமெல்லாம் கருகியது.

நடு இலை குனிந்து பார்த்தாள். "அக்கா... உன் நுனி..."

"என்னைப் பார்க்காதே. மேலே பாரு. கதிரு வந்துடுச்சா?"

"வந்துடுச்சு. பால் பிடிச்சிருக்கு."

"கரிக்குதா?"

கண்ணாடியிலை மேலிருந்து மெல்லச் சொன்னாள்: "இனிக்குதுக்கா."

அடியிலை தண்டை விட்டாள். அவள் மண்ணைத் தொடுவதற்குள், நடு இலை உப்பைத் தன்னிடமே நிறுத்திக்கொள்ளத் தண்ணீருக்குக் கை நீட்டிவிட்டாள்.

அந்த நாளிலிருந்துதான், உப்பு மண்ணில் நிற்கும் கோதுமையில் அடியிலை முதலில் கருகுகிறது. மணி மட்டும் பால் பிடித்து இனிக்கிறது.